நாரியில் தொடங்கிக் காலில் இறங்கும் வலி

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில், ஹை ஸ்ட்ரீட் நார்த் வீதியிலுள்ள தமிழ்க் கடைகளின் முன்னால் விநியோக வாகனங்கள் வந்து நிற்கும் போது, அரிசி மூட்டைகளை இறக்குவதற்கு இயந்திரம் எதுவும் இருப்பதில்லை. இருபது கிலோ மூட்டையை ஒருவர் குனிந்து தூக்கி, உடலைத் திருப்பி, கடையின் பின்புறத்தில் அடுக்குகிறார். அதே வீதியில் வசிக்கும் வாடகைக் கார் ஓட்டுநர் பத்து மணிநேரத்துக்கு மேல் இருக்கையை விட்டு எழுவதில்லை. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பணிபுரியும் பெண்கள், தம்மை விட எடை கூடிய முதியவர்களைக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றுகிறார்கள்.

இந்த மூன்று தரப்பினரும் குடும்ப மருத்துவரிடம் கொண்டு செல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். நாரியில், அதாவது இடுப்பின் கீழ்ப்பகுதியில், தொடங்கிய வலி பிட்டத்தின் ஊடாகத் தொடையின் பின்புறம் இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து பாதம் வரை செல்கிறது. இருமினால், தும்மினால் மின்சாரம் பாய்ந்தது போல் சுள்ளென்று அடிக்கிறது. நாரியை விடக் காலில்தான் வேதனை அதிகம். சியாட்டிகா என்று மருத்துவர்கள் அழைப்பது இதனைத்தான்.

சியாட்டிகா என்பது தனியொரு நோயின் பெயரல்ல. ஒரு நரம்பு தொல்லைக்கு உள்ளாகியிருப்பதன் அறிகுறி. முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் இருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்று சேர்ந்து இடுப்பு நரம்பாகின்றன. மனித உடலின் மிகத் தடித்த நரம்பு இதுவே. முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரியும் இந்த நரம்பின் கிளைகள் கால்விரல்கள் வரை செல்கின்றன. வேரில் ஏற்படும் பாதிப்பை மூளை, நரம்பு சென்றடையும் இடத்தின் வலியாக உணர்வதால், நோயாளி காலைத் தேய்த்துக்கொண்டிருக்க, கோளாறோ முதுகில் இருக்கிறது.

இதனைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகுக்கு நீண்ட காலம் பிடித்தது. ஆயுர்வேதம் இந்த நோயைக் கிருத்ரசி என்று அழைத்தது. கழுகைக் குறிக்கும் சொல்லில் இருந்து பிறந்த பெயர் இது. வலியுள்ளவர் காலை இழுத்து வைக்கும் நடை அந்தப் பறவையின் நடையை ஒத்திருப்பதாக அன்றைய வைத்தியர்கள் கண்டார்கள். ஐரோப்பாவில் இடுப்பு மூட்டு வலியும் நரம்பு வலியும் நெடுங்காலம் ஒன்றாகவே கருதப்பட்டன. இரண்டும் வெவ்வேறானவை என்று இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவரான டொமெனிக்கோ கொட்டுன்யோ 1764-ஆம் ஆண்டில் எழுதினார். ஆனால் நரம்பைத் தொல்லைப்படுத்துவது எது என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர்களான வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு கிழிந்து நரம்பு வேரை அழுத்துவதே பல நோயாளிகளில் காரணம் என்று காட்டினார்கள்.

இந்த வட்டு, வெளியே உறுதியான நார்களாலும் உள்ளே கூழ் போன்ற பொருளாலும் ஆனது. நாரில் வெடிப்பு விழுந்தால் கூழ் பிதுங்கி வெளியே வருகிறது. இடுப்புப் பகுதியில் இவ்வாறு நேர்வதில் மிகப் பெரும்பாலானவை கீழேயுள்ள இரண்டு வட்டுகளில்தான் நிகழ்கின்றன. அழுத்தம் மட்டுமே வலிக்குக் காரணம் என்று முதலில் கருதப்பட்டது. ஆனால் 1993-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள், பன்றிகளின் நரம்பு வேரில் எந்த அழுத்தமும் கொடுக்காமல் இந்தக் கூழை மட்டும் வைத்த போது, நரம்பு பாதிப்படைந்தது. கூழிலுள்ள இரசாயனங்கள் நரம்பில் அழற்சியை ஏற்படுத்துகின்றன என்பது அதன் பொருள். சிறிய பிதுக்கம் உள்ள ஒருவர் துடிப்பதற்கும், பெரிய பிதுக்கம் உள்ள இன்னொருவர் எதுவும் தெரியாமல் நடமாடுவதற்கும் இது ஓரளவு விளக்கம் தருகிறது.

அப்படியானால் அரிசி மூட்டைதான் குற்றவாளியா? பாரம் தூக்குவதும், முதுகை முறுக்குவதும், நெடுநேரம் வாகனம் ஓட்டுவதும் ஆபத்தை அதிகரிக்கின்றன என்பதில் ஐயமில்லை. பிரிட்டனின் தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டலின்படி, ஆண் ஒருவர் இடுப்பு உயரத்தில் உடலோடு ஒட்டித் தூக்கக்கூடிய எடை சுமார் 25 கிலோ. அதே பொருள் தரையில் இருந்தால் அந்த அளவு 10 கிலோவாகக் குறைகிறது. கைகளை நீட்டித் தூக்க வேண்டியிருந்தால் வெறும் 5 கிலோ. பெண்களுக்கு இந்த அளவுகள் இன்னும் குறைவு. இவை சட்டபூர்வமான உச்சவரம்புகள் அல்ல. ஆயினும் கடைத்தரையில் கிடக்கும் இருபது கிலோ மூட்டை எந்தக் கணக்கில் வருகிறது என்பதை முதலாளிகள் அறிந்திருப்பது நல்லது. பாரம் தூக்குவதால் வரும் ஆபத்தை மதிப்பிட்டுக் குறைக்க வேண்டிய கடமை, 1992-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி அவர்களுக்கு உண்டு. கடை சிறியது என்பதற்காக அந்தக் கடமை இல்லாமல் போவதில்லை.

அதேவேளை, இரட்டையர்களை ஒப்பிட்டுப் பின்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வு 1995-இல் வெளியான போது, வட்டுத் தேய்மானத்தில் தொழிலை விடப் பரம்பரைக்கே பங்கு அதிகம் என்று தெரியவந்தது. வயது, புகைபிடித்தல், உடற்பருமன் ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே கடையில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் மட்டும் படுத்துவிடுவது அவரது சோம்பலால் அல்ல என்பதை இந்த ஆய்வு முடிவோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

படுக்கையும் நடையும்

சியாட்டிகா வந்தவரைப் பலகையில் நேராகப் படுக்க வைப்பது ஊரில் பழகிய வழக்கம். பிரிட்டனின் மருத்துவர்களும் ஒரு காலத்தில் இதையே பரிந்துரைத்தார்கள். நெதர்லாந்தில் 183 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வு இந்த நம்பிக்கையை உலுக்கியது. இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தவர்களுக்கும், வழமை போல் நடமாடியவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. பன்னிரண்டு வாரங்களின் பின் இரு பிரிவிலும் 87 சதவீதத்தினர் முன்னேற்றம் கண்டிருந்தார்கள்.

பெரும்பாலானோருக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் வலி தணிகிறது என்று தேசிய சுகாதார சேவை கூறுகிறது. பிதுங்கிய கூழை உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே படிப்படியாகக் கரைத்துவிடுவது உண்டு. பிதுக்கம் பெரிதாக இருந்தால் அது சுருங்குவதற்கான வாய்ப்பும் அதிகம் என்பது முரணாகத் தோன்றினாலும் உண்மை. எனவே முதல் வாரங்களில் தேவைப்படுவது, வலி அனுமதிக்கும் அளவுக்கு நடப்பதும், இலேசான உடற்பயிற்சியும், பொறுமையும். பிளாஷெட் பூங்காவைச் சுற்றி நாள்தோறும் சற்று நேரம் நடப்பதற்குக் காசு தேவையில்லை.

பொறுமையாக இருக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பது வேறு கேள்வி. சட்டப்படி வேலை செய்பவர் முதல் ஏழு நாட்களுக்கு மருத்துவச் சான்று இன்றித் தானே நோயை அறிவிக்கலாம். அதன் பின் மருத்துவரோ, 2022 ஜூலை முதல் தாதியரோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரோ சான்று வழங்கலாம். அந்தச் சான்றில், பாரம் தூக்காத வேலை கொடுக்கும்படி முதலாளிக்கு ஆலோசனை எழுதவும் இடமுண்டு. கையில் கூலி வாங்கி வேலை செய்பவருக்கு இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவருக்கு ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாள் கூலி இழப்பு. வலிமாத்திரையை விழுங்கிவிட்டு அவர் மீண்டும் மூட்டையின் முன் நிற்கிறார்.

அந்த மாத்திரையும் பல சமயங்களில் சென்னையில் இருந்தோ கொழும்பில் இருந்தோ பயணப்பெட்டியில் வந்ததாக இருக்கும். டைக்ளோஃபெனாக் மாத்திரை தெற்காசியாவில் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. பிரிட்டனிலோ, மாரடைப்பு ஆபத்தைக் கருத்தில் கொண்டு, மருத்துவரின் சீட்டு இன்றி இதனை விற்பது 2015 ஜனவரியுடன் நிறுத்தப்பட்டது. இதயநோயும் நீரிழிவும் தெற்காசியர்களிடையே அதிகம் என்பதால், இந்த எச்சரிக்கை ஈஸ்ட் ஹாம் வாசிகளுக்குக் கூடுதலாகவே பொருந்தும். பாரம்பரிய மருந்துகள் அனைத்தும் ஆபத்தற்றவை என்ற எண்ணமும் சரியல்ல. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக 2004-ஆம் ஆண்டு ஆய்வொன்று கண்டறிந்தது. எண்ணெய் தடவுவதும் ஒத்தடம் கொடுப்பதும் வேறு. ஆறுதல் தருமானால் அவற்றால் பெரிய கெடுதல் இல்லை.

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளின் நிலையும் மாறியிருக்கிறது. நரம்பு வலி என்பதால் பிரிகாபலின், கபாபென்டின் ஆகிய மருந்துகள் சியாட்டிகாவுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் 209 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், பிரிகாபலின் வெற்று மாத்திரையை விட மேலானதாக இருக்கவில்லை. தலைச்சுற்றல் மட்டும் அதிகமாக இருந்தது. சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் நிறுவனம், 2020-இல் திருத்திய வழிகாட்டலில், சியாட்டிகாவுக்கு இம்மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று கூறியது. நாட்பட்ட சியாட்டிகாவுக்கு ஓபியம் சார்ந்த வலிநிவாரணிகளும் வேண்டாம் என்றது. ஏற்கெனவே இவற்றை எடுத்து வருபவர்கள் திடீரென நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அக்குபங்சர், இடுப்புப் பட்டி, இழுவைச் சிகிச்சை ஆகியவற்றையும் நைஸ் பரிந்துரைக்கவில்லை. மிஞ்சுவது உடற்பயிற்சியும் விளக்கமும்தானா என்று நோயாளி கேட்டால், முதல் கட்டத்தில் ஏறக்குறைய அதுதான் உண்மை.

ஸ்கேனும் கத்தியும்

"ஒரு ஸ்கேன் கூட எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள்" என்பது குடும்ப மருத்துவர்கள் மீது தமிழர்கள் அடிக்கடி வைக்கும் குற்றச்சாட்டு. விடுமுறையில் ஊருக்குச் செல்பவர்கள் அங்கே தனியார் நிலையத்தில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக் கொண்டு திரும்புவதும் உண்டு. ஆனால் படம் காட்டும் பிதுக்கம்தான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. மூலம் பரிசோதித்து 1994-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வில், 52 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு வட்டில் புடைப்பு இருந்தது. முற்றிலும் இயல்பான வட்டுகளைக் கொண்டிருந்தவர்கள் 36 சதவீதத்தினர் மட்டுமே. சிகிச்சையின் போக்கை மாற்றும் என்ற நிலையில்தான் ஸ்கேன் பயன்படும். சேவைக்குச் செலவு மிச்சம் என்பதும் இந்தக் கட்டுப்பாட்டின் பின்னால் இருக்கிறது என்று நோயாளிகள் சந்தேகிப்பதில் வியப்பில்லை. ஆனால் இந்த விடயத்தில் ஆராய்ச்சியும் அதே பக்கம்தான் நிற்கிறது.

கடுமையான வலி தொடர்ந்தால், நரம்பு வேருக்கு அருகில் ஸ்டீராய்ட் மருந்தும் விறைப்பு மருந்தும் ஊசி மூலம் செலுத்தப்படலாம். பிரிட்டனில் 163 நோயாளிகளிடம் இந்த ஊசியையும் சத்திரசிகிச்சையையும் ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வில், பதினெட்டு வாரங்களின் பின் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நீரிழிவு நோயாளிகளுக்கு ஸ்டீராய்ட் ஊசியின் பின் இரத்தச் சர்க்கரை சில நாட்களுக்கு உயரக்கூடும் என்பதை முன்கூட்டியே கேட்டறிவது அவசியம்.

சத்திரசிகிச்சை என்றால் படுத்த படுக்கையாகிவிடுவோம் என்ற அச்சம் தமிழர்களிடையே ஆழமாக இருக்கிறது. பிதுங்கிய துண்டை மட்டும் நுண்ணிய துளை வழியாக அகற்றும் இன்றைய முறையில், பலர் அதே நாளிலோ மறுநாளிலோ எழுந்து நடக்கிறார்கள். இது காலின் வலியை விரைவாகக் குறைக்கிறது. இருப்பினும் காலப்போக்கில் வேறுபாடு மங்குகிறது. நெதர்லாந்தில் 283 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், உடனடியாகச் சத்திரசிகிச்சை பெற்றவர்கள் சீக்கிரம் குணமடைந்தார்கள். ஓராண்டின் முடிவில் காத்திருந்தவர்களும் அவர்களும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் அதற்குள் சத்திரசிகிச்சையை நாட வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. மறுபுறம், வலி நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை நீடித்துவிட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சையே மேல் என்று, கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள இன்னொரு லண்டன் நகரில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. பரிந்துரையில் இருந்து பதினெட்டு வாரங்களுக்குள் சிகிச்சை என்ற தேசிய சுகாதார சேவையின் இலக்கு பல ஆண்டுகளாக எட்டப்படவில்லை என்ற நிலையில், இங்கே காத்திருப்பு என்பது பலருக்கு மருத்துவர் தேர்ந்த வழியாக இல்லாமல் வரிசையின் நீளமாகவே இருக்கிறது.

வேறு காரணங்கள்

ஈஸ்ட் ஹாமில் இந்த வலியைப் பற்றி எழுதும் எவரும் காசநோயை விட்டுவிட முடியாது. இப்பகுதி அடங்கும் நியூஹாம், இங்கிலாந்தில் காசநோய் விகிதம் மிக உயர்ந்த இடங்களில் ஒன்றாகப் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. முள்ளந்தண்டைக் காசநோய் தாக்கினால், இருமல் எதுவும் இன்றி முதுகுவலியும் கால்வலியும் மட்டுமே முதலில் தெரியலாம். மாதக்கணக்கில் தணியாத வலியுடன் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியன சேர்ந்தால் அது சாதாரண சியாட்டிகா அல்ல. முள்ளந்தண்டை வளைக்கும் இந்த நோயை 1779-இல் விபரித்த பெர்சிவல் பொட், லண்டனின் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் பணியாற்றியவர். நியூஹாம் மருத்துவமனையும் 2012 முதல் அதே மருத்துவமனைக் குழுமத்தைச் சேர்ந்தது. பெரிய சத்திரசிகிச்சை இன்றி மருந்துகளாலேயே பெரும்பாலானோரைக் குணப்படுத்தலாம் என்பதை உறுதிப்படுத்திய ஆய்வுகளில் ஒரு பகுதி நடந்த இடம் சென்னை என்பதும் குறிப்பிடத்தக்கது.

இலங்கையின் போர்க்காலத்தில் காயமடைந்தவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உடலில் எறிகணைச் சிதறல்கள் எஞ்சியிருந்தால், சக்திவாய்ந்த காந்தத்தைக் கொண்ட எம்.ஆர்.ஐ. இயந்திரத்தினுள் அவை அசையவோ சூடேறவோ கூடும். கண்ணிலோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ இருந்தால் ஆபத்து அதிகம். காயம் பற்றிச் சொன்னால் குடிவரவு அதிகாரிகளுக்குத் தகவல் போய்விடும் என்று அஞ்சி வாய்மூடி இருப்பவர்கள் உண்டு. எப்படிக் காயம் ஏற்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலோகம் உடலில் இருக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சொல்ல முடியாத கேள்விகள்

சியாட்டிகா உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் ஒரேயொரு நிலை, மணிநேரக் கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசர நிலையாகும். முள்ளந்தண்டின் அடியில் குதிரைவால் போல் தொங்கும் நரம்புக் கற்றை முழுவதையும் பெரிய பிதுக்கம் ஒன்று நசுக்கிவிட்டால், சிறுநீர்ப்பையும் மலக்குடலும் பாலுறுப்புகளும் செயலிழக்கக் கூடும். தாமதித்தால் அது நிரந்தரமாகிவிடும். வலி இரு கால்களுக்கும் பரவுதல், கால்கள் பலமிழத்தல், சிறுநீர் கழிப்பதில் சிரமமோ கட்டுப்பாடு இழத்தலோ, மலம் போவது தெரியாமை, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி, அதாவது பிறப்புறுப்பையும் மலவாயையும் சூழ்ந்த இடம், உணர்விழத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றில் எதுவும் புதிதாகத் தோன்றினால் குடும்ப மருத்துவரின் நேரத்துக்குக் காத்திராமல் விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இங்கிலாந்துக்கென 2023-இல் வெளியிடப்பட்ட நடைமுறை, இந்தச் சந்தேகம் எழுந்து எம்.ஆர்.ஐ. கோரப்பட்டால் நான்கு மணிநேரத்துக்குள் அதனை எடுக்க வேண்டும் என்கிறது.

இங்கேதான் மொழி உயிர்நாடியாகிறது. ஆங்கிலம் அறியாத தந்தைக்கு மகளும், தாய்க்கு மகனும் மொழிபெயர்ப்பது புலம்பெயர் குடும்பங்களில் வழமை. பிறப்புறுப்பில் உணர்வு இருக்கிறதா என்று மருத்துவர் கேட்கும் போது, அந்தக் கேள்வியை மகள் எப்படிக் கேட்பாள், தந்தை எப்படிப் பதில் சொல்வார்? "அப்படி ஒன்றும் இல்லை" என்று ஒருவர் முந்திக் கொள்ள, பரிசோதனை அத்துடன் நின்றுவிடக் கூடும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறும் வசதி தேசிய சுகாதார சேவையில் உண்டு. தொலைபேசி வழியாகவும் அது கிடைக்கிறது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வதற்குக் குடிவரவுப் பத்திரங்களைக் காட்ட வேண்டியதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவிலும் சிகிச்சை இலவசம். ஆனால் அங்கிருந்து மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட பின் தொடரும் சிகிச்சைக்கு, வதிவிட உரிமை அற்றவர்களிடம் கட்டணம் கோரப்படலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அதற்கு அஞ்சி வீட்டில் இருந்துவிட்டால், பின்னர் எந்தக் கட்டணத்தாலும் மீட்க முடியாத இழப்பு நேரக்கூடும்.

மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் சிக்கல் முற்றாகத் தீர்வதில்லை. ஈஸ்ட் ஹாமில் யாழ்ப்பாணத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும் ஒரே வரிசையில் நிற்கின்றன. "கால் விறைக்குது" என்று இலங்கைத் தமிழர் சொன்னால், உணர்வு மரத்துவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளரின் காதில் அது கால் இறுகிக் கட்டையாகிவிட்டது என்று விழக்கூடும். முன்னையது நரம்பு பாதிப்பின் அறிகுறி, பின்னையது தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். "கால்" என்ற சொல் தொடையில் இருந்து பாதம் வரை அனைத்தையும் குறிப்பதால், வலி எந்த வழியாக இறங்குகிறது என்ற முக்கியமான தகவலும் தொலைந்துபோகிறது. இரத்தக் குழாயையும் தசைநாரையும் கூட "நரம்பு" என்றே அழைப்பது நம் வழக்கம். "நரம்பு இழுக்குது" என்பதை மருத்துவர் எதுவாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, சொல்லோடு விரலும் பேச வேண்டியிருக்கிறது. வலி தொடங்கும் இடத்தையும் முடியும் விரலையும் தொட்டுக் காட்டுவதும், மரத்துப்போன இடத்தைக் கிள்ளினால் தெரிகிறதா இல்லையா என்று சொல்வதும், குதிக்காலில் நடக்க முடிகிறதா, நுனிவிரலில் நிற்க முடிகிறதா என்று செய்து காட்டுவதும் எந்த வட்டார வழக்கிலும் ஒன்றுதான். குதிக்காலில் நடக்க முடியாவிட்டால் ஒரு நரம்பு வேர், நுனிவிரலில் எழ முடியாவிட்டால் இன்னொன்று என்று, ஸ்கேன் எடுக்கும் முன்னரே மருத்துவரால் பெரும்பாலும் கணித்துவிட முடியும்.